வெட்டுப்பட்டவர்கள் குடியிருந்த வீடு

முதல் நாவலிலிருந்து வெட்டப்பட்ட சிறுமி, வெட்டிய அன்று மாலையே, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளோடு பிள்ளையாகத் தெருவில் நடந்து வந்து எழுத்தாளரின் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒன்பது வயதிருக்கும். இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு, முன்பல்லில் சில்லு பெயர்ந்த இடம், கையில் ஒரு துணிப்பை. கதவைத் திறந்த எழுத்தாளர் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கண்டுகொள்ளாமல் எப்படி? தழும்பை வைத்தவரே அவர்தான். அடிபம்பில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கவிட்டுப் பல்லை உடைத்ததும் அவர்தான். கதாநாயகியின் தங்கையாக ஒரு முழு அத்தியாயம் வாழ்ந்த பெண் அவள். "கதாநாயகிக்குத் தங்கச்சி எதுக்கும்மா? கதையைப் பிடிச்சு இழுக்குது, எடுத்துடுங்க" என்று பதிப்பாளர் சொல்லிவிட்டதால் அன்று காலையில்தான் எடுத்திருந்தார். எடுத்துவிட்டுக் கொஞ்சம் அழவும் செய்தார். இப்போது வாசலில் நின்றவளைப் பார்த்ததும் அழுகை போய் வெட்கம் வந்தது.

"அங்க எனக்கு இடம் இல்லன்னுட்டாங்க. இங்க இருக்கலாமா?" என்று கேட்டாள் சிறுமி.

"உள்ள வா. முதல்ல காலைக் கழுவு" என்றார் எழுத்தாளர்.

அந்த நாட்களில் அவர் எழுத்தாளர் என்பது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஊசியக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். கடைத்தெரு முனையிலிருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை. விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்பவர்களின் கையைத் தட்டி, நரம்பைக் கண்டுபிடித்து, 'வலிக்குது' என்று அவர்கள் சொல்ல வாயெடுப்பதற்குள் எடுத்து முடித்துப் பஞ்சை வைத்துவிடுவார். சோதித்து முடித்த பிறகும் மிச்ச ரத்தத்தை அங்கே உடனே கொட்டமாட்டார்கள். மறுபடி பார்க்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று குளிர்பெட்டியில் சில நாள் வைத்திருப்பார்கள். அந்தப் பழக்கம் அவருடைய எழுத்துக்கும் தொற்றியிருந்தது. மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வந்து எழுதுவார், எழுதியதில் பாதியை வெட்டுவார், வெட்டியதைப் பத்திரமாக எடுத்து வைப்பார். வெட்டுவது தப்பில்லை, தூக்கி எறிவதுதான் தப்பு என்பது அவர் கட்சி.

அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவுக்கு அவர் லிஃப்ட்காரர். அதிகம் பேசமாட்டார். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் தனியாகத் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற மனிதருக்குப் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள்? கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. 'விசேஷம் உண்டா?' என்று கேட்கிறவர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள். அன்று மாலை கிரீஸ் படிந்த கையோடு வீட்டுக்குள் நுழைந்த லிஃப்ட்காரர், கூடத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சிறுமியைப் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்று அவளிடம் கேட்டுவிட்டு, பிறகுதான் "யாரு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நான் வெட்டினது."

லிஃப்ட்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "வெட்டினா என்ன, நம்ம வீட்டுதுதானே" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கதையில் எல்லோரும் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்கள், வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. பெற்ற அப்பாவைப்போல வளர்த்த லிஃப்ட்காரரும் தங்கச்சி என்றார், பால்காரரும் தங்கச்சி என்றார், எதிர்வீட்டு எழுபது வயதுக்காரரும் தங்கச்சி என்றார். புதிதாக வருகிற விருந்தாளிகள் உறவுமுறை புரியாமல் விழித்துவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, பிறந்த தேதியையும் ஊரையும் பார்த்த அலுவலகக்காரர் சந்தேகப்பட்டு, "இதெல்லாம் யார் எழுதினது?" என்று கேட்டார். "அவ அம்மாதான். முழுக்க முழுக்க அவங்களே எழுதினது" என்றார் லிஃப்ட்காரர். அதில் ஒரு பொய்யும் இல்லை. அலுவலகக்காரரும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

எழுத்தாளர் அந்த அத்தியாயத்தில் என்னென்ன எழுதியிருந்தாரோ அத்தனையும் அவளிடம் இருந்தது. நாயைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள். படி ஏறும்போது மெட்டில்லாத ஒரு பாட்டை மூக்காலேயே பாடிக்கொண்டு ஏறுவாள். யார் என்ன சொன்னாலும், சொல்லி முடித்த பிறகு, "அப்புறம்?" என்பாள். உப்பு தீர்ந்துவிட்டது என்றாலும் அப்புறம்தான், பக்கத்து வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்றாலும் அப்புறம்தான். அடுத்த நாவல்களை எழுதும்போது எழுத்தாளர் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் அவளுக்குத்தான் வாசித்துக் காட்டினார். 'அப்புறம்?' சுருதியோடு வந்தால் அத்தியாயம் தேறிவிட்டது என்று பொருள். கொட்டாவியோடு வந்தால் மறுநாள் கத்தரி எடுத்துவிடுவார்.

கத்தரிக்கு வேலை வைக்கவைக்க வீட்டில் ஆட்கள் கூடினார்கள். இரண்டாவது நாவலில் ஒரு மழையை வெட்டினார். மழை நன்றாகத்தான் பெய்தது, ஆனால் திருடன் ஓட வேண்டிய இடத்தில் பெய்தது. மறுநாளிலிருந்து அந்த மழை வீட்டின் பின்னறையில் பெய்யத் தொடங்கியது. கூரையில் ஓட்டை கிடையாது, மொட்டைமாடி காய்ந்து கிடந்தது, அறைக்குள் மட்டும் சீராக, இடி மின்னல் இல்லாமல் பெய்தது. லிஃப்ட்காரர் ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து தரையில் சரிவு கொடுத்து, சுவரில் துளை போட்டு, குழாய் வைத்துத் தண்ணீரை வாசல் தொட்டிக்குக் கொண்டுவந்தார். கோடையில் தெருக்குழாய் காற்றை ஊதியபோது தெருவே குடத்தோடு அங்கே வந்து நின்றது. 'எங்க தெருவுல ஒரு எழுத்தாளர் இருக்காங்க, தெரியுமா?' என்று தெருக்காரர்கள் வெளியே போய்ப் பீற்றிக்கொள்ள ஆரம்பித்தது அந்தக் கோடையில்தான். ஊசியக்கா என்ற பெயர் அத்தோடு மறைந்தது.

மூன்றாவது நாவலிலிருந்து வந்தது ஒரு வாக்கியம் மட்டும். 'நீ வருவேன்னு எனக்குத் தெரியும்' என்று ஒரு காதலன் சொல்ல வேண்டிய வசனம். காதலனையே ஊரைவிட்டு அனுப்பிவிட்டதால் வசனம் அநாதையாகிவிட்டது. அது கூடத்து அலமாரிக்குள் குடியேறி, யார் உள்ளே நுழைந்தாலும் ஆழ்ந்த ஆண்குரலில் ஒருமுறை சொல்லும். எரிவாயு உருளை கொண்டுவருகிறவர் முதல்முறை உருளையைக் காலில் போட்டுக்கொண்டார். பிறந்த வீட்டில் யாரும் தன்னை 'வா' என்று கூப்பிடுவதில்லை என்று முப்பது வருஷமாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்த நாத்தனார், அலமாரி சொன்னதைக் கேட்டுக் கண் கலங்கி, இரண்டு நாளுக்கென்று வந்தவர் மாதக் கணக்கில் தங்கிவிட்டார். பிறகு ஒரு படிக்கட்டு வந்தது. மொட்டைமாடியிலிருந்து கிளம்பி எங்கும் போய்ச் சேராமல் ஆகாயத்தில் நின்றது. லிஃப்ட்காரருக்கு அதுமட்டும் மானப் பிரச்சினை. "என் வீட்டுல போய், அதுவும் படிக்கட்டா?" என்று மனைவியிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாலாவது நாவலிலிருந்து வந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. நாற்பது பக்கத்துக்குத் தீர்ப்பு வாசித்தார் என்பதற்காக வெட்டுப்பட்டவர். வந்த அன்றே கூடத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். யார் பாத்திரம் தேய்ப்பது, யார் விளக்கை அணைக்காமல் போனது என்று வீட்டில் எந்த வழக்கு வந்தாலும் இரு தரப்பையும் கேட்டு விரிவாகத் தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு முடிவதற்குள் விளக்கே பழுதாகிவிடும். ஆனாலும் தங்கச்சிக்கு அவரைப் பிடித்திருந்தது, அவருக்கும் அவளை. உலகத்தில் அவருடைய தீர்ப்பை முழுதாகக் கேட்டுவிட்டு 'அப்புறம்?' என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

பதிப்பாளர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். உடம்பு பெருத்தவர், சிரிப்பும் பெரியது. அலமாரியின் வரவேற்பை ஏற்று, நீதிபதிக்கு வணக்கம் சொல்லி, தெரியாமல் பின்னறைக் கதவைத் திறந்து தொப்பலாக நனைந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே புத்தி சொன்னார்.

"கழிச்சதை எல்லாம் கட்டிக் காப்பாத்தினா வீடு தாங்காதும்மா. மத்தவங்க எல்லாரும் வெட்டினதைக் கிழிச்சுப் போட்டுட்டு நிம்மதியா இருக்காங்க."

"அவங்க வீட்டுக்கு யாரும் வர்றதில்லல்ல?" என்றார் எழுத்தாளர்.

"வர்றதில்ல."

"அதான் அவங்க மூணாவது புத்தகத்தோட நின்னுடுறாங்க" என்றார் எழுத்தாளர். கர்வம்தான். ஆனால் அந்தக் கர்வத்துக்கு அவரிடம் சரக்கு இருந்தது என்பதைப் பதிப்பாளரே ஒப்புக்கொள்வார். வெளியே ஒரு நல்ல எழுத்தாளர், வெற்றுத்தாளை வெறித்துக்கொண்டு வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். இந்த வீட்டிலோ காகிதத்தைத் தவிர எதற்கும் பஞ்சமில்லை.

மிச்சத்தைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பது ஐந்தாவது நாவலில்தான் தெரிந்தது. கடைசி அத்தியாயத்தில் ஒரு கிழவி நடுச்சாலையில் நின்று அழ வேண்டும், அவள் அழுவதை யாரும் பார்க்கக் கூடாது. அதற்கு மழை வேண்டும். புதிய மழை எதற்கு, பின்னறையில்தான் இருக்கிறதே என்று எழுத்தாளர் அதையே எடுத்து வைத்தார். எத்தனையோ வருஷம் பெய்து பெய்து பக்குவப்பட்ட மழை அது, அந்தப் பக்கத்தில் அப்படிப் பொருந்தியது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது வீட்டில் ஏதோ ஒரு சத்தம் குறைந்திருந்தது. பின்னறையின் தரை காய்ந்துகொண்டிருந்தது. அதன்பிறகு அங்கே ஒரு சொட்டு விழவில்லை. தெரு கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. புத்தகம் வந்ததும் குடம் தூக்கிய பெண்கள் ஆளுக்கொரு பிரதி வாங்கி அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, 'நம்ம தண்ணிதான்' என்று சமாதானமானார்கள்.

நீதிபதி இதை எல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை எழுத்தாளரைக் கூப்பிட்டு, வழக்கத்துக்கு மாறாகச் சுருக்கமாகப் பேசினார். "எனக்கும் ஒரு இடம் பாரும்மா. இங்க குறையொண்ணும் இல்ல. ஆனா புத்தகத்துக்குன்னு பொறந்தவன் நாற்காலியிலயே முடியக் கூடாது." எழுத்தாளர் இரண்டு வருஷம் தேடி, ஏழாவது நாவலில் அவருக்கென்று ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். ஒரு கலவரத்தின் நடுவே, யாரும் காதுகொடுக்காத நேரத்தில், ஒரு மனிதர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்து கூட்டத்தைக் களைப்படையவைத்துக் கலைக்க வேண்டும். எழுதப் போகிற நாளன்று நீதிபதி காலையிலேயே குளித்து, கோட்டு போட்டு, வீட்டில் எல்லோரிடமும் கைகுலுக்கி விடைபெற்றுவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது நாற்காலி காலி, மெத்தையில் மட்டும் சூடு இருந்தது. லிஃப்ட்காரர் அந்த நாற்காலியின் பக்கத்தில் நின்று, "பெரிய மனுஷன். பதவியோட போனார்" என்றார்.

தங்கச்சி மட்டும் வளர்ந்தாள். மழைக்கும் நீதிபதிக்கும் வயது கூடியதில்லை, அவளுக்குக் கூடியது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பிள்ளைகள் வளரத்தானே செய்யும். பதினைந்து வயதில் அப்பாவோடு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். குழிக்குள் இறங்கி, தலைக்கு மேலே பெட்டியும் காலுக்குக் கீழே இருட்டுமாக நிற்க அவளுக்குப் பயமே இல்லை. நாய் என்றால்தான் பயம். படிப்பை முடித்துப் பட்டயம் வாங்கி, அப்பா தொழிலாளியாக இருந்த கம்பெனியிலேயே பொறுப்பாளராகச் சேர்ந்தாள். அந்தக் கம்பெனியில் பாதுகாப்புச் சான்றில் கையெழுத்துப் போட்ட முதல் பெண் அவள். முதல் லிஃப்டை அவள் ஓட்டிக் காட்டிய நாளில் லிஃப்ட்காரர் அன்றைய வேலையை அப்படியே போட்டுவிட்டு அதில் ஏறி மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தார். அங்கே ஏற வந்தவர்கள் அவருக்கு மூளை பிசகிவிட்டதோ என்று நினைத்துப் படியில் ஏறிப் போனார்கள்.

எழுத்தாளருக்கு அப்போது பெரிய பெயர். ரத்தக் கூடத்து வேலையை விட்டிருந்தார். வாழ்நாளெல்லாம் அடிமனதில் கிடந்த ஒரு பெரிய நாவலைக் கையில் எடுத்தார். ஓர் ஊர் முழுக்கத் தண்ணீருக்குள் போகிறது, கடைசிவரை வெளியேறாத ஒரு குடும்பம் இருக்கிறது. ஆயிரம் பக்கம் ஓடிய கதை நடுவில் வந்து நின்றுவிட்டது. பதிப்பாளர் படித்துவிட்டு, முதல்முறையாகச் சிரிக்காமல் சொன்னார்: "எல்லாம் இருக்கும்மா. ஒரு ஆள் குறையுது. இந்த வீட்டுல ஒரு சின்னப் பொண்ணு இருந்தாகணும். பெரியவங்க பேசாம விழுங்குறதை எல்லாம் வாய்விட்டுக் கேக்குற பொண்ணு."

அது யார் என்று எழுத்தாளருக்கு அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரியும். கதை நின்ற நாளிலிருந்தே தெரியும். அந்த இடத்தின் வடிவம் புருவத் தழும்புவரை ஒரே ஒருத்திக்குத்தான் பொருந்தும். அவளை எழுதினால் நாவல் எழுந்து நிற்கும், நீதிபதியின் நாற்காலியைப் போல அவள் இடமும் காலியாகும். எழுத்தாளர் பேனாவை மூடி வைத்தார். புத்தகம் போனால் போகட்டும் என்று முடிவுகட்டினார். முடிவுகட்டியும் கை சும்மா இருக்கவில்லை. பதிலுக்கு வேறு பெண்களை எழுதிப் பார்த்தார். ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தியை உண்டாக்கினார், அவள் மரக்கட்டையாக நின்றாள், வெட்டினார். இன்னொருத்தியை உண்டாக்கினார், அவள் ஓயாமல் சிரித்தாள், வெட்டினார். மூன்றாமவள் பேசவே இல்லை. வெட்டப்பட்ட மூன்று பேரும் வரிசையாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். படுக்க இடமில்லாமல் தங்கச்சியின் அறையில்தான் மூவரையும் படுக்கவைக்க வேண்டியிருந்தது.

தங்கச்சிக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றாமவள் வந்த மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். எழுத்தாளர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்த மூணு பேரும் எனக்குப் பதிலா வந்தவங்கதானே?"

எழுத்தாளர் நிமிரவில்லை. "வெங்காயம் கண்ணுல பட்டுடுச்சு" என்றார்.

"புத்தகம் என்னாலதான் நிக்குது."

"நின்னா நிக்கட்டும். உலகத்துல புத்தகத்துக்கா பஞ்சம்? நீ வேலைக்குக் கிளம்பு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. நீ போயிடுவ. எழுதினா நீ போயிடுவடி. நீதிபதி போனதைப் பாத்தல்ல?"

தங்கச்சி கவசத்தை மேடைமேல் வைத்துவிட்டு அம்மாவின் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். "அம்மா, நீங்க என்னைப் பத்தி எத்தனை அத்தியாயம் எழுதினீங்க?"

"ஒண்ணு."

"ஒன்பது வயசு வரைக்கும் ஒரு அத்தியாயம். மிச்சம் இருபது வருஷத்தை யார் எழுதினா? குழியில இறங்கினதை எழுதினீங்களா? சான்றுல கையெழுத்துப் போட்டதை எழுதினீங்களா? அப்பாகிட்ட அடம் பிடிச்சு வண்டி வாங்கினதை?"

"இல்ல."

"அது நான் வாழ்ந்தது. அதை நீங்களே நினைச்சாலும் எடுக்க முடியாது. எழுதினதை மட்டும் எடுத்துக்கோங்க. அது உங்களுது."

லிஃப்ட்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். வாழ்நாளில் அவர் ஒரேயடியாக அதிகம் பேசியது அன்றுதான். "பேச்சுக்கு நல்லாத்தான் இருக்கு. நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா? கயிறு அறுந்தாலும் பெட்டியை நிறுத்த லிஃப்டுல தனியாப் பிடி வெச்சிருக்கோம். இதுல என்ன பிடி இருக்கு? நான் சம்மதிக்க மாட்டேன்."

"நீங்க பிடிச்சுக்கோங்கப்பா" என்றாள் தங்கச்சி.

ஒரு மாதம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எழுத்தாளர் மகளைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டே இருந்தார். கடிந்து வேலை வாங்குவது, கடையில் பேரம் பேசுவது, கோபம் வந்தால் சத்தமில்லாமல் பாத்திரம் அடுக்குவது என்று ஒன்றுகூடத் தன் கையெழுத்தாக இல்லை என்பதைக் கண்டார். முதலில் அது குத்தியது. பிறகு அதுவே தைரியமாயிற்று. ஒரு விடுமுறை நாளின் முற்பகலில் அம்மாவும் அப்பாவும் மகளுமாக எழுத்தாளரின் மேசைக்கு வந்தார்கள். தங்கச்சி ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். லிஃப்ட்காரர் தரையில் சம்மணமிட்டு, இரண்டு கையாலும் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். எழுத்தாளர் பேனாவைத் திறந்தார். பழைய அத்தியாயத்தைப் புதிய நாவலின் அந்த இடத்தில் வரிவரியாக எழுதி இறக்கினார்.

தழும்பைப் பற்றிய வரி முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார். தங்கச்சியின் புருவத்துக்கு மேலே தோல் வழவழவென்று இருந்தது. பல்லைப் பற்றி எழுதினார், பல் முழுசாயிற்று. மெட்டில்லாத பாட்டை எழுதினார், நாய்ப் பயத்தை எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் லிஃப்ட்காரரின் பிடி இறுகியது. கடைசியாக அந்தச் சொல் வந்தது. எழுத்தாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி வெகுநேரம் இருந்துவிட்டு, எழுதினார். முற்றுப்புள்ளி வைத்தார். வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல், "எழுதி முடிச்சிட்டேன்" என்றார்.

"நல்லது. அப்பா, காலை விடுங்க, மரத்துப்போச்சு" என்றது ஜன்னலோரக் குரல்.

லிஃப்ட்காரர் விடவில்லை. சாயங்காலம் வரை விடவில்லை. அவர் விரல்களின் தடம் ஒரு வாரம் அந்தக் கணுக்காலில் கன்றிப்போய்க் கிடந்தது.

நாவல் வெளிவந்தது. நாட்டில் அதைப் படிக்காதவர்கள் படித்ததாகப் பொய் சொல்ல வேண்டிய நிலை வந்தது. எல்லோரும் அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றியே பேசினார்கள். தங்கச்சி மதிய இடைவேளைகளில் லிஃப்ட் குழிகளின் ஓரம் உட்கார்ந்து அதைப் படித்து முடித்துவிட்டு, ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "யாரும்மா அந்தப் பொண்ணு? ரொம்பப் பிடிச்சுது. எங்கேருந்து பிடிச்சீங்க அவளை?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, எழுதிய அந்த ஒன்பது வயது அவளைவிட்டுப் புத்தகத்துக்குப் போயிருந்தது. எழுத்தாளர் அவள் புருவத்தைப் பார்த்தார். ஒன்பது வயதில் வாசலில் நின்றவளை இந்த வீட்டில் இனிமேல் நினைவு வைத்திருக்கப் போகிறவர்கள் தானும் கணவரும் மட்டும்தான், மற்றவர்களுக்கு அவள் புத்தகத்தில் இருப்பாள். "பிடிச்சேன் எங்கேயோ" என்றார். அன்றைக்குத் தெரு முனையில் படுத்திருந்த கறுப்பு நாயைத் தங்கச்சி தடவிக் கொடுத்துவிட்டு வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார். அதனால் துக்கம் அதற்கு மேல் நிலைக்கவில்லை.

அந்த நாவலுக்கு நாட்டின் பெரிய விருதைக் கொடுத்தார்கள். விழா ஒரு புதிய கட்டிடத்தின் உச்சிமாடி அரங்கில். கீழே கண்ணாடிக் கூடத்தில் பதிப்பாளரும், மாலைகளும், காமிராக்களும், படித்த பெரியவர்களும் நிறைந்திருந்தார்கள். லிஃப்டின் வாசலில் கம்பெனிச் சட்டையோடு தங்கச்சி நின்றாள். அந்தக் கட்டிடத்தின் லிஃப்டுகளுக்கு அவள்தான் பொறுப்பு, அன்று கூட்டம் அதிகம் என்பதால் தானே வந்து நின்றிருந்தாள். ஒரு பெண்மணி, கையில் நாவலோடு, எழுத்தாளரிடம் வந்து கிசுகிசுத்தார். "கதையில வர்ற அந்தப் பொண்ணு உங்க மகள்தான்னு சொல்றாங்களே, உண்மையா? அவங்கதானா அது?"

"இல்லங்க" என்றார் எழுத்தாளர், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில். "அந்தப் பொண்ணை நான் எழுதினேன். யார் வேணா எழுதலாம், கொஞ்சம் பழகினா போதும். இவ என் மகள். இந்தக் கட்டிடத்துல ஏறுற அத்தனை பேர் உயிரும் இவ கையெழுத்துலதான் தொங்குது." பக்கத்தில் நின்ற லிஃப்ட்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். விருது வாங்கப் போகிறவர் அவர்தான் என்று நினைத்து ஒரு காமிராக்காரர் அவரைப் படமெடுத்தார்.

எழுத்தாளரும் லிஃப்ட்காரரும், கொள்கிற அளவுக்கு மற்றவர்களும் ஏறினார்கள். கதவு மூடப்போகிற நேரத்தில், முகத்தில் வலையும் கையில் உறையும் போட்ட ஒரு மனிதர், ரீங்காரமிடும் மரப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணாடிக் கூடத்துக்குள் ஓடிவந்தார். எழுத்தாளர் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அடுத்த நாவலுக்காக எழுதிய தேனீ வளர்ப்பவர். தேனீக்களைப் பற்றியே இரண்டு அத்தியாயம் ஓடிவிட்டது என்பதால், விழாவுக்குக் கிளம்பும் முன் எழுத்தாளர் அவரை அவசர அவசரமாக வெட்டிவிட்டு வந்திருந்தார். வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, அந்த மனிதர் விசாரித்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார் போலிருக்கிறது. லிஃப்ட் நிறைய ஆட்கள் இருப்பதைக் கண்டு தயங்கி, அதன் வாசலில் நின்றார்.

தங்கச்சி கதவைக் கையால் தடுத்துப் பிடித்தாள். அவரையும் பெட்டியையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்குத்தானே வந்தீங்க? பெட்டி எவ்வளவு கனம் இருக்கும்?"

அவர் சொன்னார். தங்கச்சி உள்ளே இருந்தவர்களைக் கண்ணால் எடைபோட்டாள்.

"தாங்கும். கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க எல்லாரும், அவருக்கு இடம் விடுங்க" என்று பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் மேலே கிளம்பியது.